குஷ் அரசர்களின் கட்டிலும் எங்கள் அத்தானும்

சூடான் பாலைவனத்துப் புதைகுழிகளுக்குள் இறங்கி, அரசர்களைச் சுகம் விசாரித்துவிட்டு, பொழுதுபடக் கனடாவின் அஜக்ஸ் நகருக்குத் திரும்பித் தேத்தண்ணி குடித்த தமிழர்கள் சரித்திரத்தில் இரண்டே இரண்டு பேர்தான். ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதும் மகா பயணி. மற்றவர் என் அத்தான் பரமநாதன். கடவுச்சீட்டு, தடுப்பூசி, ஒட்டகம் ஒன்றும் தேவைப்படவில்லை. ரொறன்ரோ போகும் கோ ரயிலும் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்பாடைனா ஸ்ரீற்காரும் போதுமாக இருந்தன.

போன மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் போனோம். ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் நிலக்கீழ் அறைகளில், குஷ் என்ற பண்டைய நூபிய ராச்சியம் தன் அரசர்களை எப்படிப் புதைத்தது என்று காட்டும் சிறிய கண்காட்சி நடக்கிறது. இன்றைய சூடானின் வடபகுதியில் இருந்த ராச்சியம் அது. ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன் அதன் அரசர்கள் எகிப்தையே பிடித்து ஆண்டார்கள். சரித்திரத்தில் எனக்கிருக்கும் தணியாத தாகத்தால் போனேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மைக் காரணம் வேறு. அத்தானை நாலைந்து மணித்தியாலம் வீட்டுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை. அதற்குள் அவருடைய கட்டிலை எடுத்துக் குப்பைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்தக் கட்டிலில்தான் போன வருடம் பங்குனியில் என் அக்கா மங்கையர்க்கரசி நித்திரையிலேயே போனா. பக்கத்தில் அத்தான் படுத்திருந்தார். சும்மா கட்டில் இல்லை அது. கடும் மண்ணிறம், தலைமாட்டில் செதுக்கிய மயில், இரண்டு பேர் தாராளமாக உருளக்கூடிய அகலம். முதன்முதல் அதை மாடிக்கு ஏற்றிய நாலு பேரில் நானும் ஒருவன். நாங்கள் தூக்கி வைத்த பாரத்துக்கு ஒன்ராறியோ வாவி அரை அங்குலம் பதிந்தது. என் முதுகில் பிடித்த பிடி இன்றைக்கும் விடவில்லை.

எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் செத்தால் அவர் படுத்த பாயையும் தலகணியையும் வீட்டில் வைத்திருப்பதில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்த சனம் மாடியில் கட்டில் விரித்தபடி கிடப்பதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தது. அத்தான் அசையவில்லை. அன்று தொடக்கம் அவர் கீழே சோபாவில். படுக்கிறார் என்று சொல்ல முடியாது. இருந்தபடி கண்ணை மூடுவார், பேந்து திறப்பார். கட்டிலில் ஒருவரும் இருக்கக்கூடாது, அதை அகற்றவும் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் தானே மேலே போய் விரிப்பு மாற்றிவிட்டு வருவார்.

இப்போது கால் இரண்டும் வீங்கிவிட்டன. தைப்பொங்கலுக்கு மறுநாள் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவர் ஸ்ரியறிங்கில் தலைவைத்து நித்திரையாகிவிட்டார். பின்னால் வந்தவர்கள் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டித்தான் எழுப்பினார்கள். ஒழுங்காகப் படுத்து நித்திரை கொள்ளாவிட்டால் இருதயம் தாங்காது என்று டொக்டர் அபியிடம் சொல்லியிருக்கிறார். அபி அத்தானின் ஒரே மகள், இங்கே பிறந்தவள். புருஷன் கஜனோடு வந்து தகப்பனுடன் தங்கியிருக்கிறாள். அவள்தான் எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, நான் ஒண்டு சொல்லுவன், நீங்கள் சிரிக்கக்கூடாது. அம்மா படுக்கிற பக்கம், சுவர்ப் பக்கம், பெட்ஷீற் கசங்கியிருக்கு. எவ்ரி மோர்னிங்."

"கொப்பர் போய்ப் படுக்கிறாராக்கும்."

"அப்பா கீழதான். படியில ஏறினாக் கிறீச் எண்டும். வீ வுட் நோ."

"பூனை?"

"எங்களிட்டப் பூனை இல்லை, மாமா."

அதற்குப் பிறகுதான் திட்டம் பிறந்தது. கஜனின் சிநேகிதன் ஒருவன் ட்ரக்கோடு வருவான், கட்டில் போகும், அபி புதிதாக வாங்கிய ஒராள் கட்டில் அந்த இடத்தில் நிற்கும். வந்து பார்க்கும் அத்தான் இரண்டு நாள் கோபப்படுவார், மூன்றாம் நாள் படுப்பார். உலகத்தின் தலைசிறந்த போர்த் தளபதிகளும் இப்படி ஒரு திட்டம் தீட்டியதில்லை என்று அன்று நான் மார்தட்டியது உண்மை.

அஜக்ஸ் நிலையத்தில் வாகனத் தரிப்பிடம் இலவசம். வார இறுதி முழுநாள் பாஸ் ஆளுக்குப் பத்து டொலர். யூனியன் நிலையம் வரை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய எடுக்கும். பதினொன்றரை மணியளவில் ஏறினோம். அத்தான் கறுப்புக் கோட் போட்டு வந்திருந்தார். ரொறன்ரோத் தமிழர் ஒவ்வொருவரிடமும் இருக்கும் அந்தக் கோட்டுத்தான். பியூனரல் ஹோமுக்கு மட்டும் வெளியே வரும்.

"உதென்ன அத்தான், இந்தக் கோலம்?"

"அரசற்ற செத்தவீட்டுக்குத்தானே கூட்டிக்கொண்டு போறாய்."

போகும்போது இடது கைப் பக்கம் இருங்கள். ரூஜ் ஆற்றைக் கடந்த பிறகு தண்டவாளம் வாவியோடு ஒட்டிப் போகும். நாங்கள் போன அன்று வாவியைக் காணவில்லை. பனிக்கட்டி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத ஒரு சாம்பல் நிறம். பெட்டியில் எங்களைத் தவிர இரண்டோ மூன்றோ பேர். அத்தான் யன்னல் பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்துவிட்டு நடைபாதைப் பக்கம் இருந்தார். இடம் தாராளமாகக் கிடக்கிறது, உள்ளே தள்ளி இருங்கோ என்றேன். அவர் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா எப்போதும் யன்னல் பக்கம் இருக்கிறவ என்று எனக்கு ஸ்காபரோ தாண்டிய பிறகுதான் உறைத்தது.

யூனியனிலிருந்து ஸ்பாடைனா ஸ்ரீற்கார். கொலிஜ் தெருவில் இறங்கி ஐந்து நிமிட நடை. இறங்கும்போது பனி கொட்டத் தொடங்கிவிட்டது. கட்டடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு, அதற்குள் கீழே இறங்கும் படி. முன்பு ஏதோ களஞ்சியமாக இருந்ததாம். சுவர் முழுக்கக் கறுப்பு மைப் பூச்சு. ஈரச் சுண்ணாம்பு மணம். எங்கோ சுவருக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். நுழைவு இலவசம்.

மேசையில் இருந்தவரின் பெயர் ஹிபா. நாற்பது வயதிருக்கும். கிழமை நாட்களில் கண்ணாடிக் கடையில் வேலை, சனிக்கிழமைகளில் இங்கே தொண்டு. நூபிய அரசர்களின் புனித மலைக்குப் பக்கத்திலுள்ள கரிமா என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர், இப்போது இருப்பது எங்களுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை நான் எங்கட தமிழில் போடுகிறேன். மொழிபெயர்ப்பில் எனக்கு நிகர் நானே.

"இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும்தான், அங்கிள். மற்ற ஆக்கள் ஸ்னோவுக்குப் பயந்திட்டினம்."

"ஸ்னோதான் எங்களுக்குப் பயப்பிடவேணும். நாங்கள் ஸ்னோவுக்குப் பயமில்லை" என்றேன்.

முதல் அறையில் அரசர்களின் படங்கள். பியே, ஷபாக்கா, தஹர்க்கா. நெற்றியில் இரட்டை நாகம் வைத்த முடி. பார்வை ஒவ்வொன்றும் நேராக உங்கள் தொண்டைக்குழியில் வந்து நிற்கும். நான் விட்டுக்கொடுக்காமல் எங்கள் யாழ்ப்பாணத்து அரசர்களின் யானைப் படையைப் பற்றி ஹிபாவுக்கு எடுத்துச் சொன்னேன். யானைகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"உங்கட அரசர் எகிப்தைப் பிடிச்சவரோ?" என்று கேட்டார்.

"நேரம் கிடைக்கேல்லை."

"எங்கட பியே பிடிச்சவர். பிடிச்ச நகரத்தில லாயத்துக்குப் போய்ப் பாத்தாராம், முற்றுகையால குதிரையளெல்லாம் பட்டினி. தோத்த அரசனுக்கு அதுக்குத்தான் கூடப் பேச்சு விழுந்தது. அதைக் கல்லில எழுதியும் வச்சிருக்கினம். வாங்கோ, குதிரையளைப் பாருங்கோ."

அடுத்த அறையின் தரையில் ஒரு நீண்ட குழி. குழிக்குள் நாலு குதிரைகள், கறுப்பு மரத்தில் வெட்டியவை, கழுத்தில் நீலமணி. எல்லாம் நின்றபடி. எல்-குரு என்ற இடத்தில் அரசர்களுடைய சமாதிகளுக்குக் கிட்ட, அவர்களின் குதிரைகளை இப்படி அலங்கரித்து நின்ற நிலையிலேயே புதைத்தார்களாம். நான் செத்தால் என் பழைய வானையும் இப்படி நிற்பாட்டிப் புதைக்கச் சொல்லி எழுதிவைக்கப் போகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழியைச் சுற்றி மறுபக்கம் போய்த் திரும்பினேன். நாலு தலையும் என் பக்கம் பார்த்தபடி நின்றன. முதலில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன என்று எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. அறையை விட்டு வெளியேறும்வரை அவற்றுக்கு நான் முதுகு காட்டவில்லை. மரியாதைக்காகத்தான்.

மூன்றாவது, கண்காட்சியின் நெஞ்சு. ஒடுங்கிய சரிவு ஒன்று கீழே போகும். குனிந்து போக வேண்டும். முடிவில் அரசரின் சமாதி அறை. உண்மையான அளவில் செய்தது. நடுவில் ஒரு கல் மேடை, அதன் மேல் ஒரு கட்டில்.

நான் இந்த இடத்தில் நின்றுவிட்டேன். கட்டிலை மறக்கடிக்க அவரோடு ரொறன்ரோ முழுக்கச் சுற்றலாம் என்றால் நான் கொண்டுவந்து விட்டது கட்டிலுக்கு முன்னால். கண்காட்சி விளம்பரத்தை முழுக்க வாசிக்காமல் வந்ததன் பலன்.

"நூபியர் தங்கட அரசரைக் கட்டிலில கிடத்தித்தான் புதைக்கிறது" என்றார் ஹிபா. "எகிப்தியரிட்ட இருந்து பிரமிட்டை எடுத்தினம், எழுத்தை எடுத்தினம். ஆனா கட்டிலை விடேல்லை. இதுக்கும் பல நூற்றாண்டுக்கு முந்தி, கெர்மாவிலயும் அப்பிடித்தான். அங்க கட்டில் கால் மாட்டுக் கால் மாதிரிச் செதுக்கியிருக்கும். அந்த அரசரோட நூற்றுக்கணக்கான ஆக்களும் குழிக்குள்ள போயிருக்கினம்."

"உயிரோடயோ?" என்றேன்.

"அப்பிடித்தான் சில பேர் நினைக்கினம்."

மேடையின் நாலு மூலையிலும் சிறு குழி வெட்டியிருந்தது. கட்டில் கால்கள் அந்தக் குழிகளுக்குள் இறங்க, கட்டில் கல்லோடு கல்லாகப் பதிந்து கிடந்தது. அத்தான் குனிந்து ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அசையாமல் இருக்கவோ?"

"ஓம் அங்கிள், அப்பிடித்தான் இருக்கும்."

"அசைஞ்சாத்தானே சத்தம் கேக்கும்" என்றார் அத்தான், தனக்குத் தானே. பிறகு வெறும் கட்டிலைக் காட்டி, "அரசர் எங்க?" என்று கேட்டார்.

"முதல் கள்ளர். பேந்து தண்ணி. நூரி எண்ட இடத்தில தஹர்க்காவின்ர பிரமிட்டுக்குக் கீழ இருக்கிற அறையெல்லாம் இப்ப நிலத்தடித் தண்ணியில முங்கிப்போச்சு. அங்க தோண்டுற ஆக்கள் சுழியோடித்தான் இறங்கினம்."

சுவருக்குப் பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். ஒலிப்பதிவு ஒன்றும் வைக்கவில்லை என்றார் ஹிபா.

கடைசி அறையில் வெளிச்சம் ஒரு மூலையில் மட்டும். மூன்று பக்கமும் தட்டுகள், தட்டு நிறையச் சின்னச் சின்னக் கல் உருவங்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரு முழம் வரை. எல்லாம் மாதிரிகள்தான், ஆனால் ஒரு முகம் போல மற்ற முகம் இல்லை. எல்லாம் கைகளை நெஞ்சில் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தன.

"இவைதான் பதில் சொல்லுற ஆக்கள்" என்றார் ஹிபா. "செத்த அரசரை மறு உலகத்தில ஆராவது வேலைக்குக் கூப்பிட்டால் இவை அவருக்காகச் சொல்லவேணும், இஞ்ச நிக்கிறன் எண்டு. உடம்பில செதுக்கியிருக்கிறது அதுதான். தஹர்க்காவோட ஆயிரத்துக்கு மேல வச்சிருந்தினம்." பிறகு அவர் படியில் உறைந்த பனிக்கு உப்புப் போட மேலே போனார்.

அத்தான் தட்டுகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையக்கூடிய இடைவெளி. என் மனைவி கூட வந்திருந்தால் கோட்டைப் பிடித்து இழுத்திருப்பா. வரவில்லை. நுழைந்தேன். இவ்வளவு நேரமும் குதிரைக்கும் தண்ணீருக்கும் பயந்த நான் ஒருதரம் பயப்படுத்தினால்தான் கணக்குச் சரி. அடிவயிற்றிலிருந்து, கிணற்றுக்குள்ளால் வருவது போல ஒரு குரல் எடுத்தேன்.

"இஞ்ச நிக்கிறன்."

அத்தான் துள்ளுவார், என் பரம்பரையை இழுத்து இரண்டு வார்த்தை சொல்லுவார், பிறகு இரண்டு பேரும் சிரிப்போம். அப்படித்தான் நினைத்தேன். அவர் துள்ளவில்லை.

"மங்கையோ?" என்று கேட்டார்.

என் வாய்க்குள் இருந்த சிரிப்பு அங்கேயே செத்துப்போனது.

"அண்டைக்கு விடிய நாலு மணிக்கு நான் எழும்பினனான்" என்றார், உரக்க இல்லை, படுக்கையில் பக்கத்தில் இருப்பவரிடம் கதைக்கும் குரலில். "குளிருதோ எண்டு உம்மட்டைக் கேட்டனான். நீர் 'ம்' எண்டனீர். போர்வையை இழுத்து மூடிவிட்டிட்டுப் படுத்தனான். பேந்து டொக்டர் சொல்லுறார், பன்னிரண்டு மணிக்கு முந்தியே முடிஞ்சுதாம்." மூச்சு வாங்கினார். "அப்ப எனக்கு 'ம்' சொன்னது ஆர்?"

தட்டின் பின்பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது முதுகுகள். நூற்றுக்கணக்கான கல் முதுகுகள், எல்லாம் அவரைப் பார்த்தபடி, வரிசையில் கடைசியாக நான். என் கைகளும் நெஞ்சில் மடிந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். எப்போது மடித்தேன் என்று தெரியாது.

"சரி, வெளிய வா" என்றார் அத்தான். "உன்ர சப்பாத்துத் தெரியுது."

வந்தேன். சிலந்தி வலை தலையில்.

"தெரிஞ்சுகொண்டோ கேட்டனீங்கள்?"

"பின்ன? உன்ர குரல் தெரியாதே? நாப்பது வரியமாக் கேக்கிறன், நரகம்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதை நான் ஆரிட்டைக் கேக்கிறது, பாலன்? அபியிட்டைக் கேக்கேலுமோ? ஐயரிட்டைக் கேக்கேலுமோ? நீ ஒளிச்சு நிண்டாய். கேட்டுப் பாத்தன்."

"நித்திரைத் தூக்கத்தில உங்களுக்கு அப்பிடிக் கேட்டிருக்கும், அத்தான்."

"இருக்கலாம். அந்தக் கட்டிலில படுத்தா நான் திரும்பவும் கேட்டுப்போடுவன். பழக்கம், வாய் தன்பாட்டில கேக்கும். 'ம்' எண்டு வந்தாலும் பயம். வராட்டிலும் பயம். அதுதான் படுக்கேலாமக் கிடக்கு."

ஹிபா சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு வந்தார். அத்தான் அவரிடம் திரும்பி, உங்கள் ஊரில் இப்போதும் ஆட்களைக் கட்டிலோடு புதைப்பதுண்டோ என்று கேட்டார்.

"இல்லை அங்கிள், இப்ப நாங்கள் முஸ்லிம்கள்தானே. ஆனா கட்டிலில வச்சுத்தான் தூக்கிக்கொண்டு போறது. புதைச்சிட்டுக் கட்டிலைத் திருப்பிக் கொண்டு வருவினம்."

"கொண்டு வந்து?"

"படுப்பம். வேற என்ன செய்யிறது, கட்டில்தானே. பிள்ளை பெறுறதும் அதிலதான், கலியாணமும் அதிலதான்."

"பயமில்லையோ?"

ஹிபா கையிலிருந்த உப்பு வாளியைக் கீழே வைத்தார். "என்ர அப்பா போனபோது எனக்குப் போகேலாமப் போச்சு. ஊரெல்லாம் சண்டை. அம்மா போன் எடுத்தவ. கொப்பரைக் கொண்டுபோய் விட்டாச்சு, கட்டில் வந்திட்டுது, நான் அதில படுத்துக்கொண்டுதான் உன்னோட கதைக்கிறன் எண்டவ. எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் அழுகை நிண்டது."

"எந்தப் பக்கம் படுக்கிறவ?" என்று அத்தான் கேட்டார்.

"அது ஒராள் கட்டில், அங்கிள்."

அத்தான் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "இதுக்கிடையில என்ர கட்டிலை ட்ரக்கில ஏத்தியிருப்பினமோ?"

நான் நடித்துப் பார்த்தேன். எந்தக் கட்டில், என்ன ட்ரக் என்றேன்.

"கோயிலுக்குக் கூப்பிட்டாலே வராதவன் மியூசியத்துக்கு வாங்கோ எண்டு வந்து நிக்கிறாய். அபி முகம் பாக்காமல் சாப்பாடு கட்டித் தாறாள். எனக்கு விளங்காதோ? போகட்டும் எண்டுதான் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தனான்." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "இப்ப வேண்டாம். போனைப் போடு."

நிலக்கீழ் அறையில் போன் வேலை செய்யாது. படியேறி, பனிக்குள் நின்று எடுத்தேன்.

"அபி, நிப்பாட்டு."

"வாட் டு யூ மீன், நிப்பாட்டு? ட்ரக் வந்திட்டுது. கஜன் எல்லாத்தையும் கழட்டியாச்சு. ஏத்துறாங்கள் மாமா."

"கொப்பருக்குத் தெரியும். வேண்டாமாம்."

"இது உங்கட ஐடியாதானே."

"என்ர ஐடியாவில இதுவரைக்கும் எது உருப்பட்டது?"

"அப்பா செத்துப்போடுவார், மாமா. நான் ஒவ்வொரு நாளும் அந்தக் காலைப் பாக்கிறன். நீங்கள் வந்து ஜோக் அடிச்சிட்டுப் போவீங்கள். ஐ காண்ட் டூ திஸ்." போன் கட்டாகியது. திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. கஜனும் எடுக்கவில்லை.

ரயிலுக்கு நடக்கத் தொடங்கிய எங்களை ஹிபா நிறுத்தினார். இந்தப் பனிக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள், கதவைப் பூட்டிவிட்டுப் பிக்கரிங் போகத்தான் போகிறேன், அஜக்ஸ் அடுத்த ஊர்தானே என்றார். மூன்று மணிக்குக் காரில் ஏறினோம். நாற்பத்தைந்து கிலோமீற்றர் தூரம், சாதாரண நாளில் முக்கால் மணித்தியாலம். நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் அன்று வாகனங்களின் பின்விளக்குகள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன, அவையும் ஊர்ந்தன. ஊர்வலம் மாதிரி. நான் முன்னால், அத்தான் பின்னால். கண்ணாடியில் பார்த்தேன், பின் இருக்கையில் யன்னல் பக்கம் தொப்பி, நடுவில் அவர். எதிரே வரும் ஒவ்வொரு ட்ரக்கையும் அவர் திரும்பிப் பார்த்தார்.

நாங்கள் போய்ச் சேர நாலரை தாண்டிவிட்டது. வீட்டு வாசலில் ட்ரக் நின்றது. பின்தட்டில் கட்டில், கயிறு போட்டு இறுக்கி, மயிலின் கொண்டையில் பனி குவிந்திருந்தது. கஜனும் சிநேகிதனும் கராஜுக்குள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்கள். போக விடாமல் அபி ட்ரக் சாவியைத் தன் கோட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு படியில் இருந்திருக்கிறாள், எங்களோடு கதைக்கவும் மனமில்லாமல்.

"அப்பாவே சொல்லட்டும்" என்றாள்.

"மெத்தையைக் கொண்டு போகட்டும் பிள்ளை. கட்டிலை உள்ளுக்க எடுங்கோ."

"அப்ப நீங்கள் படுப்பீங்களோ? இல்லாட்டி திரும்பவும் சோபாவோ?"

"படுப்பன்."

தலைமாட்டுப் பலகைக்கு நாலு பேர் வேண்டும். கஜன் ஒரு மூலை, சிநேகிதன் ஒரு மூலை, அபி ஒரு மூலை. நாலாவது மூலைக்கு நான் கை வைக்க, முதுகு பழைய கணக்கை நினைவூட்டியது. ஹிபா என்னைத் தள்ளிவிட்டுத் தோள் கொடுத்தார்.

"எங்கட ஊரில பொம்பிளையள் இது தூக்கிறேல்லை" என்றார்.

"எங்கட ஊரிலயும் இல்லை" என்றாள் அபி.

அத்தான் முன்னால் நடந்தார், கையில் திருகாணிகள் போட்ட பொலித்தீன் பையோடு. பின்னால் கட்டில் வந்தது. பனிக்குள் இந்த ஊர்வலம் வாசலால் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே போவதைப் பார்த்து முன்வீட்டுக்காரர் யன்னல் திரையை விலக்கியவர் விலக்கியபடி நின்றார்.

போக விரும்புவோருக்கு: கண்காட்சி சனிக்கிழமைகளில் மட்டும், மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை, பங்குனி முடியும்வரை. பார்த்து முடிக்க ஒன்றரை மணித்தியாலம் போதும். கீழே நல்ல குளிர், கோட்டைக் கழற்றாதீர்கள். சக்கர நாற்காலிக்கு வழியில்லை, சரிவு ஒடுக்கம். சிறு பிள்ளைகளைக் குதிரை அறையோடு நிறுத்துங்கள். பெரிய ஆட்களும் அங்கே பின்பக்கமாக நடந்து வெளியேறுவது நல்லது. விளம்பரத்தை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். கடைசி அறையில் எந்தப் பேயும் இல்லை என்று என்னால் உறுதி தர முடியும், தட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். ஆனால் அங்கே நின்று குரல் கொடுக்காதீர்கள். என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கட்டில் என்ன ஆனது என்று கேட்டு எழுதப்போகிறவர்களுக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டி முடித்தபோது பழைய மெத்தை ட்ரக்கில் போய்விட்டிருந்தது. அபி வாங்கிய ஒராள் மெத்தைதான் இருந்தது. அந்த அகலத்தில் அதைப் போட்டால் பாதியை மூடும், மறு பாதி வெறும் பலகை.

"எந்தப் பக்கம் போடுறது, மாமா?" என்று கஜன் அத்தானைக் கேட்டான்.

"சுவர்ப் பக்கம்."

அபி நிமிர்ந்தாள். "அப்பா, தட்ஸ் அம்மாஸ் சைட்."

"ஓம், தெரியும்." அத்தான் கோட்டையும் கழற்றாமல் மெத்தையில் ஏறிச் சுவரோடு ஒட்டிப் படுத்தார். "இனி அங்காலப் பக்கத்தில இருந்து குளிருதோ எண்டு ஆரும் கேட்டால், இஞ்ச கிடந்து நான்தானே சொல்லவேணும்."

வெறும் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினார். நாங்கள் நாலு பேரும் கதவடியில் நின்றோம். கஜன் குனிந்து தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி முடிக்கமுன் குறட்டை வந்தது.